பழைய டிரைக், பக்கத்துப் பட்டறை

முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளை நம் ஊர்ச் சாலைகளில் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். ரிக்கம்பென்ட் டிரைக் என்பது அதன் பெயர். இங்கே சாய்விருக்கை டிரைக் என்று வைத்துக்கொள்வோம். திருவண்ணாமலை போன்ற ஊரில் இந்த வண்டிக்கு ஒரு தேவை இருக்கிறது. ஓய்வு பெற்றபின் மலையடிவாரத்தில் குடியேறுகிறவர்கள், வருடத்தில் சில மாதம் வந்து தங்கும் வெளிநாட்டினர், உட்காதுக் கோளாறாலோ பக்கவாதத்தாலோ உடல் சமநிலை குன்றியவர்கள் ஆகியோருக்கு இரண்டு சக்கர வண்டி ஆபத்து, ஸ்கூட்டர் பயம், ஆட்டோ தினச் செலவு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்க முடியாதவர்கள் இப்போது ஆட்டோவில்தான் மலையைச் சுற்றுகிறார்கள். தன் காலால் மிதித்துச் சுற்றலாம் என்றால் அதற்கு ஆசைப்படுவோர் இருப்பார்கள். புதிய ஐரோப்பிய, அமெரிக்க டிரைக் சில லட்சம் ரூபாய் ஆகும் என்பதால் கண் இயல்பாகப் பழைய வண்டியின் பக்கம் போகிறது. அங்கே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி எந்தக் கம்பெனி, எத்தனை வருடம் ஓடியது என்பது. அது தவறான இடத்தில் தொடங்கும் கேள்வி என்பது என் கருத்து. கெட்டுப்போனால் இந்த வண்டியில் எவ்வளவு பங்கை திருவண்ணாமலையிலேயே சரிசெய்ய முடியும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. கம்பெனியும் வயதும் விலையும் அதற்குப் பிறகுதான்.

ஏன் இந்த வண்டிக்கு மட்டும் இப்படி ஒரு தனி அளவுகோல்? காரணம் பழைய வரலாற்றில் இருக்கிறது. 1933இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்விருக்கை சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914இல் ஆஸ்கர் எக் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை முறிந்தது. அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிளுக்கு இலக்கணம் வகுத்து, இந்த வடிவத்தைப் போட்டிக்கு வெளியே தள்ளியது. பந்தயத்தில் இல்லாத வண்டியைப் பெரிய தொழிற்சாலைகள் தொடவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இது திரும்பி வந்தபோது சிறு பட்டறைகளின் கையில்தான் வந்தது. ஆஸ்திரேலியாவின் கிரீன்ஸ்பீட், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஐசிஇ, ஜெர்மனியின் ஹெச்பி வெலோடெக்னிக், அமெரிக்காவின் கேட்ரைக், டெர்ராடிரைக் என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சட்டம், தனக்கென ஒரு ஸ்டீயரிங் முறை, தனக்கென ஓர் இருக்கை செய்துகொண்டது. ஆனால் சிறு பட்டறைகளுக்குச் சொந்தமாக ரிம்மும் செயினும் பேரிங்கும் தயாரிக்க வசதி ஏது? அவற்றைப் பொதுச் சந்தையிலிருந்துதான் வாங்கிப் பொருத்தினார்கள். ஆகவே எந்த டிரைக்கும் இரண்டு பாதிகளால் ஆனது. ஒரு பாதி உலகம் முழுவதும் கிடைக்கும் சைக்கிள் சாமான். இன்னொரு பாதி அந்தக் கம்பெனி கதவைத் தட்டினால் மட்டும் கிடைக்கும் சாமான். பழைய வண்டியை மதிப்பிடுவது என்றால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

சக்கரத்திலிருந்து தொடங்கலாம். முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று சக்கரம் கொண்ட வடிவமே இன்று அதிகம், டாட்போல் என்பார்கள். பின்னால் இரண்டு இருந்தால் டெல்டா. பெரும்பாலான டாட்போல் வண்டிகளில் முன்சக்கரம் 20 அங்குலம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு அளவுகள் உண்டு. டயரின் பக்கவாட்டில் 406 என்று முடியும் எண் இருந்தால் அது நம் ஊர்ப் பிள்ளைகள் ஓட்டும் தடித்த டயர் 20 அங்குல சைக்கிளின் அளவு. டயரும் டியூபும் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் வாங்கலாம். 451 என்று முடிந்தால் அது மெல்லிய டயர்; சென்னையிலும் தேட வேண்டியிருக்கும். 349 என்றால் 16 அங்குலச் சக்கரத்தின் ஒரு வகை, மடக்கு சைக்கிள்காரர்கள் மட்டும் அறிந்தது. மூன்று சக்கரமும் 406 ஆக இருக்கும் வண்டி, பின்சக்கரம் மட்டும் பெரிதாக இருக்கும் வேகமான வண்டியைவிட இந்த ஊருக்கு உயர்ந்தது. பின்சக்கரம் 26 அங்குலம் என்றாலும் மலைச் சைக்கிள் அளவான 559 ஆக இருந்தால் மன்னிக்கலாம். வால்வு ஒரு சின்ன விஷயம்: ரிம்மில் துளை மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு உரியதாக இருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக்கிக்கொண்டால் போதும், பெட்ரோல் பங்கில் காற்றடிக்கலாம்.

டயரைவிட ஹப் முக்கியம். டாட்போலின் முன்சக்கரம் மோட்டார் கார் சக்கரத்தைப் போல ஒரு பக்கம் மட்டுமே தாங்கப்படுகிறது. இரண்டு சக்கர சைக்கிள் வளைவில் சாயும், அதனால் சக்கரத்துக்குப் பக்கவாட்டு இழுப்பு அதிகம் வராது. டிரைக் சாயாது. வளைவில் முழு எடையும் ஸ்போக்குகளைப் பக்கவாட்டில் முறிக்கப் பார்க்கும். எனவே சக்கரத்தைப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் அது பேரிங்கிலா ஆக்ஸிலிலா என்று அறிய வேண்டும். பேரிங் என்றால் கவலையே இல்லை. அதன் மேல் பொறித்திருக்கும் எண் உலகம் முழுக்க ஒன்றுதான். 6001 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மில்லிமீட்டர். ஜெர்மன் வண்டியில் தேய்ந்ததை நம் ஊர் பேரிங் கடையில் வாங்கிப் போடலாம். ஆக்ஸில் வளைந்திருந்தால் கதை வேறு. ஒற்றைப் பக்கம் தாங்கும் அந்த ஆக்ஸிலையும் ஹப்பையும் சாதாரண சைக்கிள் சாமானால் ஈடுகட்ட முடியாது. ரிம் கோட்டம் எடுப்பது, அறுந்த ஸ்போக்கை மாற்றுவது, பால்ரஸ் மாற்றுவது எல்லாம் நம் சைக்கிள் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய காலம் முதல் தலைமுறை தலைமுறையாக ஊறிய கைத்தொழில் அது. அந்தக் கைக்கு எட்டுவது எது, எட்டாதது எது என்பதே கேள்வி.

செயினைப் பார்த்து மிரள்கிறவர்கள் உண்டு. பெடல் முன்கோடியில், கியர் பின்கோடியில் என்பதால் சாதாரண சைக்கிளின் மூன்று செயின்களை இணைத்தால்தான் நீளம் எட்டும். ஆனால் செயின் உலகப் பொதுச் சாமான். கண்ணிக்குக் கண்ணி அரை அங்குல இடைவெளி. 24 இடைவெளி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். ஸ்டீல் ஸ்கேலை ஓர் ஊசியின் மையத்தில் வைத்து 24 இடைவெளி தள்ளி அளந்தால், 12 அங்குலத்துக்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயின் மாற்ற வேண்டிய காலம். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவையும் விலையில் கழிக்கலாம். நீளமான செயினில் ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தைச் சுற்றும் தடவை குறைவு. அதனால் தேய்மானமும் மெதுவாகவே நடக்கும். எட்டு கியர் வண்டி பத்து, பதினொரு கியர் வண்டியைவிடப் பழசாகத் தோன்றலாம். ஆனால் எட்டு கியர் செயின் மலிவு, தூசியைப் பொறுக்கும், மாவட்டத் தலைநகரத்துக் கடையிலும் சொல்லி வைத்தால் வரும். செயினை வழிநடத்தும் சிறு உருளைகள் தேய்ந்து பல் போயிருந்தால் லேத் பட்டறையில் நைலான் தண்டில் கடைந்துகொள்ளலாம். நடுவில் வைக்க வேண்டியது நாம் முன்பு பார்த்ததைப் போல எண் பொறித்த பேரிங்தான்.

இனிதான் கடினமான பாதி. சட்டம் எந்த உலோகம்? பழைய வண்டி வாங்குகிறவர்கள் எடை குறைவு என்று அலுமினியத்தைத் தேடுகிறார்கள். திருவண்ணாமலைக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன். ஐசிஇயும் பழைய கிரீன்ஸ்பீடும் குரோமோலி என்ற கலப்பு எஃகுக் குழாயில் சட்டம் கட்டினார்கள்; கேட்ரைக்கும் ஹெச்பி வெலோடெக்னிக்கின் ஸ்கார்பியன் வரிசையும் அலுமினியம். எஃகில் விரிசல் விழுந்தால் பித்தளை வைத்தோ டிக் வெல்டிங் வைத்தோ கவனமாக ஒட்டக்கூடிய கைகள் இந்த மாவட்டத்தில் உண்டு. அலுமினியச் சட்டம் பல சமயம் வெல்டிங்குக்குப் பிறகு சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றியது. விரிந்த இடத்தை வெறுமனே ஒட்டினால் அந்த வலு திரும்பாது, ஒட்டின் ஓரத்திலேயே மீண்டும் பிளக்கும். விரிசல் எங்கே வரும் என்பதும் ஊகிக்கக் கூடியதுதான். முன்சக்கரங்களை இணைக்கும் குறுக்குக் கை நடுத்தண்டோடு சேருமிடம், இருக்கை பொருத்தும் காதுகள், மடக்கும் வண்டியானால் கீல், பின்சக்கரம் நுழையும் நாக்கு. பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிந்து, அதன் ஓரத்தில் துரு கசிந்திருந்தால் அதைக் கீறல் என்று விற்பவர் சொல்வார். நகத்தால் சுரண்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்பிரிங் சஸ்பென்ஷன் உள்ள வண்டி நம் சாலைக்குச் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தந்தக் கம்பெனியின் ரப்பர், புஷ், ஸ்பிரிங் இல்லாமல் அது நிற்கும். கொழுத்த 406 டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் பாதிச் சுகம் கிடைத்துவிடுகிறது.

ஸ்டீயரிங்கில்தான் பழைய டிரைக்கின் ஜாதகம் எழுதியிருக்கிறது. முன்சக்கரம் இரண்டும் முன்பக்கத்தில் ஓரிரு மில்லிமீட்டர் நெருங்கி நிற்க வேண்டும். அதற்கு மேல் கோணினால் டயர் தேய்ந்து நூல் தெரியும். முன்டயர்களின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தால் அளவு தவறி வெகுகாலம் ஓடியிருக்கிறது. சரிசெய்வது எளிது, இணைப்புக் கம்பியின் திருகைத் திருப்பினால் போதும். வண்டி விழுந்ததாலோ மோதியதாலோ குறுக்குக் கை வளைந்து அளவு தவறியிருந்தால் அது எளிதல்ல. இதற்கு ஒரு சோதனை உண்டு: பின் ஆக்ஸிலின் மையத்திலிருந்து இரண்டு முன்சக்கரங்களின் மையத்துக்கும் கயிறு பிடித்து அளப்பது. இரண்டும் சமமாக வராவிட்டால் விலையைப் பேசவே வேண்டாம். லேத் பட்டறை இருக்கிறதே, எதையும் கடைந்து கொடுத்துவிடுவார்களே என்று கேட்கலாம். நம் லேத்காரர்களின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செயின் உருளை உடைந்தால் வண்டி நிற்கும். முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னோ ஆக்ஸிலோ உடைந்தால் சக்கரம் தனியாக ஓடும். கையில் அகப்பட்ட மைல்ட் ஸ்டீல் தண்டில் கடைந்த ஆக்ஸில் அளவில் அச்சாக இருக்கும், பலத்தில் இருக்காது. உடைந்தால் உயிருக்கு ஆபத்தில்லாத சாமானை ஊரில் செய்யலாம், மற்றதைக் கம்பெனியிடமிருந்தே வாங்க வேண்டும். கம்பெனியே மூடிப்போயிருந்தால் அந்த வண்டியை வாங்கக் கூடாது.

பிரேக்கில் என் சார்பு டிரம் பக்கம். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பழைய இங்கிலாந்துப் பெயர் 2000இல் தைவான்காரர்களின் கைக்குப் போனாலும், டிரைக்குக்கென்றே ஒற்றைப் பக்கம் தாங்கும் 70, 90 மில்லிமீட்டர் டிரம் ஹப்புகளை இன்னும் தயாரிக்கிறது. மழையும் புழுதியும் உள்ளே போகாது. கேபிள் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஹைட்ராலிக் டிஸ்க் கூர்மையாகப் பிடிக்கும், ஆனால் எண்ணெய் கசிந்தால் அதற்கான சீலைத் தேடி அலைய வேண்டும். கேபிளில் இயங்கும் டிஸ்க் இடைப்பட்டது. எதுவானாலும் இரண்டு முன்சக்கரப் பிரேக்கும் சமமாகப் பிடிக்கிறதா என்பதுதான் பரீட்சை. ஒன்று முந்தினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பேருந்து பக்கத்தில் போகும்போது அந்த இழுப்பு வேடிக்கையாக இருக்காது. நிறுத்திவைக்கும் பிரேக் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், சரிவில் விட்ட டிரைக் தானாகவே கிளம்பிவிடும்.

இத்தனையும் சரி, இந்தச் சாலையில் இதை ஓட்டலாமா என்பதே பெரிய ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம். இருக்கை தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் என்றால் ஓட்டுகிறவரின் தலை கார் ஜன்னலின் கீழ்விளிம்புக்குச் சற்று மேலேதான் இருக்கும். கிரிவலத்தில் வரும் செங்கம் சாலை கிருஷ்ணகிரி–திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. பேருந்தும் லாரியும் அதில் ஓயாது. உயரமான கம்பியில் கொடியும் பகலிலும் எரியும் விளக்கும் உதவும், ஆனால் முழுத் தீர்வாகாது. அகலம் முக்கால் மீட்டருக்கு மேல் என்பதால் சைக்கிளைப் போல ஓரத்தில் ஒடுங்கவும் முடியாது. ரமணாசிரமத்தைத் தாண்டி அடி அண்ணாமலைப் பக்கம் திரும்பியபின் பாதை அமைதியானது, பெரிய ஏற்றமும் இல்லை. பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்திலும் அங்கே எந்த வண்டிக்கும் இடமில்லை, இருக்கவும் கூடாது. அந்தப் பாதை முதலில் நடப்பவர்களுடையது. ஆக, சாதாரண நாள் விடியற்காலைக்கும் உள்சாலைகளுக்கும் இது பொருந்தும், பேருந்து நிலையப் பக்கம் காய்கறி வாங்கப் போக இது ஏற்றதல்ல. வேகத்தடையும் ஒரு தடையே. இந்தியச் சாலைப் பேரவை வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம்; தெருவில் நாம் காண்பவை அதைவிடக் குறுகலான மேடுகள். வண்டியின் அடிவயிறு தட்டாமல் ஏறி இறங்குகிறதா என்பதை வாங்கும் முன் ஒரு வேகத்தடையில் ஓட்டியே பார்க்க வேண்டும்.

உயரக் குறைவு இன்னொரு விதத்திலும் இடறும். முழங்கால் வலி உள்ளவர்தான் இந்த வண்டிக்கு அதிகம் ஆசைப்படுகிறார். தரையோடு ஒட்டிய இருக்கையில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் வேதனை. அவருக்கு நாற்காலி உயரத்துக்குப் பக்கத்தில், 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கை உள்ள மாதிரியே சரி. வேகம் குறையும், வளைவில் நிதானம் வேண்டும், அவ்வளவுதான். பெடல் பொருத்திய முன்தண்டைக் கால் நீளத்துக்கு ஏற்ப உள்ளே தள்ள முடிகிறதா என்று பார்ப்பதும் அவசியம். ஐரோப்பிய உயரத்துக்குச் செய்த வண்டியில் ஐந்தடி உயரத்தவரின் கால் எட்டாமல் போகலாம். தண்டைத் தள்ளினால் செயினையும் குறைக்க வேண்டும். எழுந்து நின்று மிதிக்க வழியில்லாத வண்டி இது. ஆகவே மிகத் தாழ்ந்த கியர் இல்லாவிட்டால் முழங்காலுக்கு நன்மைக்குப் பதில் கெடுதலே.

மாற்று வழிகள் என்ன? நிமிர்ந்து உட்காரும் மூன்று சக்கர சைக்கிள் மலிவு. ஆனால் உயரமும் குறுகிய அகலமும் சேர்ந்து வளைவில் அதைக் கவிழ்க்கப் பார்க்கும். கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி, 1972இல் கான்பூரில் தொடங்கிய அலிம்கோ நிறுவனத்தின் வழியாகவும் மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகவும் நாடெங்கும் பரவியது. எந்த வெல்டிங் பட்டறையும் அதைப் பழுதுபார்க்கும், சாமான் எல்லாம் உள்ளூர்ச் சாமான். கால் இயங்காதவருக்கு அதுவும், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரும்தான் வழி. கால் இயங்குகிறது, சமநிலை மட்டும் இல்லை என்பவருக்கு அவை பொருந்தாது. இந்தக் கைவண்டிகளைச் செய்யும் பட்டறையிடமே ஒரு சாய்விருக்கை டிரைக் கட்டித்தரச் சொன்னால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் கிங்பின் சாய்வும் இணைப்புக் கம்பியின் கோணமும் தெரிந்தவர் வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் டயர் உராயும். பழைய வண்டியில் அந்தக் கணக்கு ஏற்கெனவே போடப்பட்டு, சாலையில் சோதித்தும் ஆயிற்று.

ஆன்லைனில் சாமான் வரவழைக்கும் காலத்தில் ஊர்ப் பட்டறையைப் பற்றி எதற்கு இவ்வளவு கவலை என்பது கடைசி வாதம். கூரியர் செலவும் சுங்கமும் சேர்ந்தால் சாமானின் விலை இரட்டிப்பாவது சகஜம். சிறு சாமானுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வண்டியையே பழையதாக வெளிநாட்டிலிருந்து இறக்குவது வேறு விஷயம்: மூலதனச் சாமான் அல்லாத பழைய பொருளுக்கு இறக்குமதி அனுமதி தேவை என்பது நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை. எனவே நடைமுறையில் ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் வண்டியைத்தான் வாங்க முடியும். குளிர்காலத்தில் வந்து தங்கி, வெயில் ஏறத் தொடங்கும் மார்ச்சில் ஊர் திரும்பும் ஒருவர் விற்பதாக இருந்தால், அவர் சுங்கம் கட்டி இறக்கினாரா, சொந்த உபயோகத்துக்கு என்று சொல்லிக் கொண்டுவந்தாரா என்று கேட்டுத் தாள்களைப் பார்க்க வேண்டும். சைக்கிளுக்குப் பதிவுச் சான்று கிடையாது. சட்டத்தில் பொறித்த எண்ணும், விற்பவர் கையெழுத்திட்ட கடிதமும், பழைய ரசீதும்தான் உரிமைச் சாட்சி. அந்த எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பினால் வண்டி எந்த ஆண்டு, எந்த மாதிரி என்று பெரும்பாலும் பதில் வரும். பின்னால் மோட்டார் பூட்டியிருந்தால் அது 250 வாட்டுக்குள்ளும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மீறினால் அது மோட்டார் வாகனமாகிவிடும், பதிவும் உரிமமும் கேட்பார்கள்.

விலைக்கு வருவோம். புதிய விலையில் பாதி, மூன்றில் ஒன்று என்று விற்பவர் கணக்குச் சொல்வார். அந்தக் கணக்கு ஜெர்மனியில் செல்லும், அங்கே பக்கத்து ஊரில் இன்னொருவர் வாங்கத் தயாராக இருக்கிறார். இங்கே நாளை நாம் விற்கப் போனால் கேட்க ஆள் இருக்குமா என்பதே சந்தேகம். திரும்பக் கிடைக்காத பணம் என்று நினைத்தே விலை பேச வேண்டும். கம்பெனியில் மட்டும் கிடைக்கும் ஒவ்வொரு சாமானையும் தனியே பார்த்து, தேய்ந்திருந்தால் சுங்கத்தோடு சேர்ந்த அதன் விலையைக் கழிக்க வேண்டும். டயர், செயின், கேபிள், பேரிங் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதற்காகப் பயப்பட வேண்டாம், பேரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். வெயிலில் நைந்து போகும் இருக்கை வலை ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் சேரும். கம்பெனி வலை விலை அதிகம், ஆனால் லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் பழைய வலையை அளவுக்குக் கொடுத்தால் கனத்த நைலான் துணியில் அதே இடத்தில் அதே கொக்கிகளோடு தைத்துக் கொடுத்துவிடுவார்.